பச்சையக்காவும் பொது ஃபோல்டரும்

பச்சையக்காவுக்குப் பச்சை நிறம் ஆகாது. முகத்தை நோயாளி முகமாகக் காட்டும் என்று அந்த நிறத்தில் ஒரு கைக்குட்டைகூட வைத்துக்கொண்டதில்லை. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. அலுவலகத்தில் காலை முதல் மாலை வரை அவளை நோக்கி எறியப்பட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "அக்கா, பச்சை வந்துச்சா?" வந்திருந்தால் கேட்டவர் வீட்டுக்குக் கிளம்பலாம். வராவிட்டால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

டயர் கிடங்குக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருந்தது அந்த அலுவலகம். நகரப் பேருந்து நிறுவனத்துக்கு வேண்டிய மென்பொருள் முழுவதும் அங்கேதான் எழுதப்பட்டது. கால அட்டவணை, டிக்கெட், ஓட்டுநர்களின் பணிமுறை, நிறுத்தங்களில் "இத்தனை நிமிடத்தில் பேருந்து" என்று ஒளிரும் போர்டு, எல்லாம். எழுதுகிறவர்கள் பலர். எழுதியவை அனைத்தும் போய் விழுகிற இடம் ஒன்று. யாராவது ஒரே ஒரு வரியைத் திருத்திப் போட்டாலும் போதும், ஒரு இயந்திரம் கண்விழித்து மொத்தத்தையும் முதலிலிருந்து கட்டும். பிறகு எல்லாச் சோதனைகளையும் ஓட்டும். எல்லாம் தேறினால் பச்சை, ஒன்று தவறினால் சிவப்பு. இந்தக் கட்டுமானத்துக்கு அங்கே 'பில்ட்' என்று பெயர். பில்டைக் கட்டி மேய்ப்பதுதான் பச்சையக்காவின் வேலை.

அது ஒரு மணி நேரத்துக்குமேல் ஓடும். டிக்கெட்டில் ஒரு எழுத்தின் அளவை மாற்றியவனும் ஒரு மணி நேரம் காத்திருப்பான், பணிமுறையைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டவளும் ஒரு மணி நேரம் காத்திருப்பாள். அந்த வகையில் அது சமத்துவமான அலுவலகம். காத்திருக்கிறவர்கள் டீ மெஷின் வைத்திருந்த சின்ன அறையில் கூடுவார்கள். அந்த அறையில் இரண்டு காதல்கள் கல்யாணத்தில் முடிந்திருக்கின்றன. ஒரு கல்யாணம் காதலில் முடிந்திருக்கிறது. பேருந்து நிறுவனத்தில் இல்லாத தொழிற்சங்கம்கூட அங்கே ஒருமுறை உருவாகி, பச்சை வந்ததும் கலைந்தது.

பச்சையக்கா அங்கே ஒப்பந்தத்தில் இருந்தாள். வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும். வருடா வருடம் மேலாளர், "அடுத்த தடவை நிரந்தரம், நிச்சயம்" என்பார். அவர் எதற்கும் அந்தச் சொல்லைத்தான் சொல்வார் என்பதால் முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'நிச்சயம் சார்' என்று பெயர். அவர் நிச்சயம் என்று சொன்ன எதையும் யாரும் நம்பி நாள் குறித்ததில்லை.

நம்பியவள் பச்சையக்கா ஒருத்திதான். அவளுக்கு வேறு வழி இல்லை. அவள் வீடு என்று சொல்லிக்கொண்ட இடம் அவள் நாத்தனாருடையது.

நாத்தனார் மருத்துவமனையில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மருத்துவமனைதான் அவரை விட்டது, அவர் விடவில்லை. ஒரு கரண்டி இடம் மாறியிருந்தால் அந்தக் கரண்டியை மட்டும் தேடுவது அவர் வழக்கமில்லை. சமையலறை முழுவதும் தரைக்கு இறங்கும், துடைக்கப்படும், எண்ணப்படும், திரும்ப ஏறும். "இது உன் வீடு மாதிரி நினைச்சுக்கம்மா" என்று அடிக்கடி சொல்வார். அந்த 'மாதிரி'யில் ஒரு அழுத்தம் இருக்கும். கெட்ட மனுஷி இல்லை. ஜுரம் வந்தால் தலைமாட்டில் உட்கார்ந்து விடிய விடியப் பார்த்துக்கொள்வார். ஜுரம் இல்லாத நாட்களில்தான் கஷ்டம்.

கணவர் பேருந்து ஓட்டுநர். அதாவது, மனைவியின் அலுவலகம் எழுதுகிற போர்டில் வரப்போவதாகச் சொல்லப்படுகிற பேருந்தை ஓட்டி வருகிறவர். இதை வைத்து வீட்டில் ஓடிய நையாண்டிக்கு அளவே இல்லை.

"இன்னைக்கு உங்க போர்டு 'ரெண்டு நிமிஷத்துல வரும்'னு காட்டிச்சாம். நான் அப்ப பெட்ரோல் பங்க்குல நிக்கறேன். எனக்கே தெரியாம நான் வந்துட்டிருந்திருக்கேன் பாரு."

"நீங்க நேரத்துக்கு வந்திருந்தா போர்டு ஏன் பொய் சொல்லப்போகுது?"

"அது சரி. கண்ணாடியைத் திருத்த முடியாது, மூஞ்சியைத்தான் திருத்திக்கணும்."

இருவருமாக ஒரு வீடு பார்த்து வைத்திருந்தார்கள். நாலாவது மாடியில் இரண்டு அறை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கட்டடத்தின் சுவர்தான் தெரியும். பச்சையக்கா இரண்டாவது தடவை போனபோது அந்தச் சுவரையே வெகுநேரம் பார்த்தாள். கரண்டியை எங்கே வேண்டுமானாலும் போடலாம். கேட்க அந்தச் சுவர்தான் இருக்கும், அதற்கும் வாய் கிடையாது. ஆனால் ஓட்டுநர் சம்பளத்தை மட்டும் நம்பி வங்கி கதவைத் திறக்காது. மனைவிக்கு நிரந்தர வேலை இருந்தால் திறக்கும். வங்கிக்காரர் இதை மிகுந்த மரியாதையோடுதான் சொன்னார், உட்காரச் சொல்லாமல்.

இந்த நிலையில்தான் நிச்சயம் சார் அவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஒருத்தன் போர்டுல வரிய மாத்தினா, டிக்கெட் சோதனை எல்லாம் எதுக்கு ஓடணும்? பல்லு வலின்னு போனா காலுக்கும் எக்ஸ்ரே எடுக்கிற மாதிரி இருக்கே. எந்த ஃபோல்டர் மாறுதோ அதுக்கு சம்பந்தப்பட்டதை மட்டும் ஓட்டினா போதாதா?"

"போதும் சார். ஆனா எது எதுக்கு சம்பந்தம்னு முதல்ல தெரியணும்."

"தெரிஞ்சுக்கங்க. சராசரி காத்திருப்பு கால் மணி நேரத்துக்குக் கீழ வந்துடுச்சுன்னா, உங்க நிரந்தரத்தை நானே கையில எடுத்துட்டுப் போய் மேல கையெழுத்து வாங்கறேன். நிச்சயம்."

இந்தத் தடவை அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னார். அவள் நம்பினாள்.

ஒவ்வொரு குழுவாகப் போய்க் கேட்டாள்: "நீங்க எழுதின புரோகிராம் வேற யாரையாவது தொடுமா?" எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். நாங்கள் உண்டு எங்கள் வேலை உண்டு, யார் வம்புக்கும் போவதில்லை. உள்ளே நுழைந்து பார்த்தால் அத்தனை பேரும் பொது ஃபோல்டரில் கைவைத்திருந்தார்கள். பொது ஃபோல்டர் என்பது எல்லோருக்கும் வேண்டியதை ஒரு தடவை எழுதி வைப்பதற்காக ஏற்பட்ட இடம். நடைமுறையில், எங்கே வைப்பதென்று தெரியாததையெல்லாம் தூக்கிப் போடும் பரணாகிவிட்டிருந்தது. அதில் உருப்படியான கோப்பு ஒன்று உண்டு. ஒரு தேதியைக் கொடுத்தால் அது முழுச் சேவை நாளா, அரைச் சேவை நாளா, விடுமுறைச் சேவை நாளா என்று சொல்லும். அதைக் கேட்காமல் அந்த நிறுவனத்தில் ஒரு சக்கரமும் உருளாது.

பச்சையக்கா விதிகளை எழுதினாள். டிக்கெட் ஃபோல்டர் மாறினால் டிக்கெட் சோதனைகள் மட்டும் ஓடும். போர்டு ஃபோல்டர் மாறினால் போர்டு சோதனைகள் மட்டும். பொது ஃபோல்டரில் ஒரு புள்ளி மாறினாலும் எல்லாம் ஓடும். இதில் யாரும் குற்றம் சொல்ல முடியாது. இன்றுவரைக்கும் யாரும் சொன்னதில்லை, அந்த விதி சரியான விதி.

டீ அறை காலியானது. டீ மெஷினுக்குப் பால் ஊற்றுகிறவர் வந்து, "ஏங்க, கம்பெனி மூடறீங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

சிக்கல் பொது ஃபோல்டரில்தான் இருந்தது. முன்பெல்லாம் எல்லோருமே எப்போதுமே காத்திருந்தார்கள், அதனால் யாருக்கும் வலிக்கவில்லை. இப்போது பத்து நிமிடத்துக்குப் பழகிவிட்டார்கள். எவனோ பரணில் எதையோ நகர்த்தியதற்காக ஒரு மணி நேரம் நிற்பது அநியாயமாகத் தெரிந்தது. போர்டுக் குழுவின் தலைவர் நியாயம் கேட்டு வந்தார். அலுவலகத்தில் அவரைச் சித்தப்பா என்பார்கள். வயதுக்காக வந்த பெயரில்லை, யாரைப் பார்த்தாலும் தோளில் கைபோட்டுத் தனியே அழைத்துக்கொண்டு போவார்.

"அக்கா, பொதுவுல எவனாவது தும்மினா என் டீமுக்கு ஜலதோஷம் பிடிக்குது. எங்களை விதியிலேருந்து விலக்கி விட்டுடுங்களேன்."

"எப்படி விடறது? போர்டு பொதுவைப் பயன்படுத்துதே."

"பயன்படுத்தலைன்னா?"

"பயன்படுத்தலைன்னா நான் ஏன் ஓட்டப்போறேன்?"

"அவ்வளவுதானே? தாயி, நீங்க நல்லா இருக்கணும்" என்று சித்தப்பா போய்விட்டார்.

மறுவாரம் வந்து, "இப்ப பாருங்க" என்றார். பார்த்தாள். போர்டு ஃபோல்டர் பொது ஃபோல்டரை எங்கேயும் தொடவில்லை. உண்மைதான். நாளின் வகை சொல்கிற கோப்பை அப்படியே நகலெடுத்துத் தன் ஃபோல்டருக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கோப்பை முதன்முதலில் எழுதியவன் தூக்கக் கலக்கத்தில் எழுதிவைத்த ஒரு குறிப்பு இருந்தது, 'இது ஏன் வேலை செய்கிறது என்று தெரியவில்லை, தொடாதீர்கள்' என்று. அந்தக் குறிப்பும் நகலில் பத்திரமாக இருந்தது.

பொது மாறினால் போர்டும் ஓடவேண்டும் என்ற வரியை அவள் நீக்கினாள். சம்பந்தமில்லாததை ஓட்டக்கூடாது என்பது விதி. சம்பந்தம் இப்போது இல்லை. சித்தப்பா பங்காளிச் சண்டை போடாமலே பாகம் பிரித்துக்கொண்டு போய்விட்டார்.

பாகப்பிரிவினை ஒரு வீட்டில் தொடங்கினால் தெரு முழுக்கப் பரவும். டிக்கெட் குழு ஒரு நகல் எடுத்தது, பணிமுறைக் குழு ஒன்று. ஒவ்வொருவரும் வந்து, நாங்களும் இப்போது யாருக்கும் சம்பந்தமில்லாதவர்கள் என்று பெருமையாகச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் பச்சையக்கா சரிபார்த்தாள், ஒவ்வொரு தடவையும் அவர்கள் சொன்னது சரியாக இருந்தது, ஒவ்வொரு தடவையும் ஒரு வரியை நீக்கினாள். சராசரி இறங்கிக்கொண்டே வந்தது.

அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல இப்போது அந்த நிறுவனத்தில் ஆறேழு வாய்கள் இருந்தன. இன்று எல்லா வாயும் ஒரே பதிலைச் சொல்கின்றன, ஏனென்றால் நேற்றுவரை அவை ஒரே வாய். நாளைக்கு ஒன்றை மட்டும் யாராவது திருத்தினால்? மற்றவற்றின் சோதனைகள் ஓடவே ஓடாது. ஓடாத சோதனைக்குத் திரையில் தனி நிறம் கிடையாது. கடைசியாக ஓடியபோது பச்சை என்றால், மறுபடி ஓடுகிறவரை அது பச்சையாகவே நிற்கும். செத்தவர் படத்தில் சிரித்துக்கொண்டிருப்பது போல.

இதைச் சொல்லிவிடுவதென்று ஒரு மத்தியானம் நிச்சயம் சார் அறைக்குப் போனாள். கதவு திறந்திருந்தது. உள்ளே பெரிய திரையில் மேலிடத்து முகங்கள் சில கட்டம் கட்டமாக உட்கார்ந்திருந்தன. பக்கத்தில் ஒரு கோடு மலைச்சரிவு மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. அது அவளுடைய சராசரி. நிச்சயம் சார் அவளைப் பார்த்ததும் கையசைத்து உள்ளே கூப்பிட்டார்.

"இதோ, நான் சொன்னேனே, இவங்கதான்."

கட்டங்களில் ஒரு முகம், "ரொம்ப நல்ல வேலைம்மா" என்றது. இன்னொரு முகம், "நீங்க இன்னும் ஒப்பந்தத்துலயா இருக்கீங்க?" என்று ஆச்சரியப்பட்டது. நிச்சயம் சார், "இந்தக் காலாண்டே முடிச்சிடறோம் சார்" என்றார். 'நிச்சயம்' என்ற சொல்லை அவர் சேர்க்கவில்லை. அதனாலேயே இது நடந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

"ஏதாவது சொல்ல வந்தீங்களா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லை சார்" என்றாள்.

அன்று சாயங்காலம் கணவரைக் கூட்டிக்கொண்டு மூன்றாவது தடவையாக அந்த வீட்டைப் பார்க்கப் போனாள். தரகர் சாவியைக் கையிலேயே கொடுத்துவிட்டுக் கீழே சிகரெட் பிடிக்கப் போய்விட்டார். கணவர் கட்டை விரலால் சுவரைத் தட்டிப் பார்த்தார், குழாயைத் திறந்து மூடினார், ஒரு ஓட்டுநர் புது வண்டியைப் பார்ப்பது போல. "பிரேக் நல்லா இருக்கு" என்றார். அவள் சிரித்தாள். அலமாரி எந்தப் பக்கம் வரும் என்பதில் கொஞ்சம் சண்டை போட்டார்கள். நகல்களைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் அவருக்கு அதில் என்ன என்று அப்போது நினைத்தாள்.

பிறகு பேருந்து நிறுவனம் ஒரு முடிவெடுத்தது. சனிக்கிழமைகளில் ஓடிக்கொண்டிருந்த அரைச் சேவை கட்டுப்படியாகவில்லை. இனி சனிக்கிழமையும் விடுமுறைச் சேவைதான், நாலு வண்டி ஓடிய தடத்தில் ஒன்று. கால அட்டவணைக் குழுவினர் பொது ஃபோல்டரில் நாளின் வகை சொல்கிற அந்தக் கோப்பைத் திருத்தினார்கள். பாகம் பிரியாமல் கூட்டுக் குடும்பமாகவே இருந்தவர்கள் அவர்கள் மட்டும்தான். சம்பந்தப்பட்ட சோதனைகள் ஓடின. சம்பந்தப்பட்டவை இப்போது மிகவும் கொஞ்சம். பத்து நிமிடத்தில் பச்சை வந்தது. போர்டுக்கு நேரே இருந்த பச்சை வரவில்லை, அது ஏற்கனவே அங்கே இருந்தது.

முதல் சனிக்கிழமை. நகரம் முழுக்க போர்டுகள் பழைய கணக்கில் வண்டிகளை வரவழைத்துக்கொண்டிருந்தன. 'நாலு நிமிடம்' என்று காட்டும், மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்கும், பிறகு அந்த வரி மறைந்து அடுத்த வண்டிக்கு எண்ண ஆரம்பிக்கும். ஜனங்கள் போர்டைத் திட்டினார்கள். ஆனால் போர்டுக்குக் காது இல்லை, சட்டைக் காலர் இல்லை. இரண்டும் உள்ள ஒருவர் கடைசியில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

மருத்துவமனை நிறுத்தத்தில் நடந்தது அது. கணவர் கதவைத் திறந்ததும் ஒரு பெரியவர் குடையோடு ஏறி, கேள்வி கேட்காமல் குடையால் பேசினார். முதல் அடி நெற்றியில். இரண்டாவது அடியைத் தடுக்கக் கணவர் கையை நீட்டினார். நீட்டியதா தள்ளியதா என்பது பிறகு விவாதமானது. பெரியவர் படியில் சறுக்கித் தரையில் உட்கார்ந்தார், மணிக்கட்டு முறிந்தது. குடையை யாரும் படம் எடுக்கவில்லை. கையைப் பலபேர் எடுத்திருந்தார்கள்.

கணவர் நெற்றியில் தையலோடு வீட்டுக்கு வந்தார். விசாரணை முடிகிறவரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நாத்தனார் கட்டைப் பிரித்துப் பார்த்து, தையல் போட்டவனின் தொழில் திறமையை வாய்க்கு வந்தபடி விமர்சித்து, மறுபடி கட்டினார்.

"போர்டுல நாலு வண்டி காட்டிச்சாம் அக்கா. நான் ஒருத்தன்தான் போனேன். மீதி மூணையும் வர்ற வழியில நான்தான் தின்னுட்டேங்கிற மாதிரி பார்த்தாங்க."

"போர்டு இவ கம்பெனியோடதுதானே?" என்றார் நாத்தனார், இவளைப் பார்க்காமல்.

"எங்க பக்கம் எல்லாம் பச்சை, அண்ணி" என்றாள் பச்சையக்கா.

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதைச் சொன்ன வாயைத்தான் அவளுக்குக் கழுவ வேண்டும் போலிருந்தது.

சித்தப்பா அன்று மத்தியானமே நகலைத் திருத்திவிட்டார். பச்சையக்காவின் நிறுவனம், 'சில இடங்களில் இணைப்புக் கோளாறால் பழைய தகவல் உறைந்து நின்றது. மென்பொருள் சோதனைகள் அனைத்தும் தேறியிருந்தன' என்று பேருந்து நிறுவனத்துக்குத் தெரிவித்தது. அதன் பொருள் வீட்டில் உட்கார்ந்திருந்த மனிதருக்கு நேரே போய் இறங்கியது. போர்டு தவறு என்றால், அவர் கூட்டத்தின் ஆத்திரத்துக்குப் பலியான ஓட்டுநர். போர்டு சரி என்றால், ஒரு பெரியவரைத் தள்ளிவிட்ட ஓட்டுநர், வேலை போகும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

பேருந்து நிறுவனத்திலிருந்து விசாரணை அதிகாரி ஒருவர் அலுவலகத்துக்கே வந்து கேட்கப்போவதாகச் சொன்னார்கள். அதற்கு முதல் நாள் நிச்சயம் சார் அவளை அழைத்து மேஜையைத் தட்டிக் காட்டினார். நிரந்தர ஆணை இருந்தது, கையெழுத்தோடு.

"நாளைக்கு அவர் வந்துட்டுப் போனதும் உங்க கையில கொடுத்துடறேன். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. சோதனை பச்சையான்னு கேட்பார். பச்சைதானே?"

"பச்சைதான் சார்."

"அவ்வளவுதான். உண்மையைத்தானே சொல்லச் சொல்றேன்."

விசாரணை அதிகாரி நல்ல மனிதர். காலர் வியர்வையில் நனைந்திருந்தது. அவரும் பேருந்தில்தான் வந்திருந்தார். நிச்சயம் சார் ஒருபக்கம், சித்தப்பா ஒருபக்கம், நடுவில் பச்சையக்கா.

"அந்த மாற்றம் செஞ்சப்போ சோதனை எல்லாம் தேறிச்சாம்மா?"

"ஓடினதெல்லாம் தேறிச்சு சார்."

அதிகாரி குனிந்து எழுதினார். நிச்சயம் சார் மூச்சு விட்டார். அத்தோடு விட்டிருக்கலாம். நாலாவது மாடி வீட்டின் சாவி மேஜையின் அந்தப் பக்கத்தில் காகித வடிவத்தில் கிடந்தது. வீட்டிலோ ஒருவர் காலையில் சீருடையைத் தேய்த்து மாட்டிவைத்துவிட்டு, போட்டுக்கொள்ள முடியாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"போர்டோடது ஓடவே இல்லை சார்" என்றாள்.

அதிகாரி நிமிர்ந்தார். "ஏன்?"

"பொதுவுல மாறினா போர்டை ஓட்டவேண்டாம்னு நான்தான் வரியை எடுத்தேன். போர்டுக்காரங்க கோப்பை நகலெடுத்துத் தனியா வெச்சுக்கிட்டாங்க. திருத்தினது ஒண்ணை, போர்டு பார்த்தது இன்னொண்ணை. இணைப்புக் கோளாறு எதுவும் இல்லை. போர்டு தப்பு."

"அக்கா, அதெல்லாம் டெக்னிக்கல் விஷயம், சாருக்கு எதுக்கு..." என்று சித்தப்பா தோளில் போடக் கையைத் தூக்கினார். போட்டுக்கொள்ளத் தோள் அங்கே இல்லை, அவள் எழுந்து நின்றிருந்தாள்.

நிச்சயம் சார் வேறு வழியில் வந்தார். "சார், ஒண்ணு சொல்லணும். அந்த டிரைவர் இவங்க வீட்டுக்காரர். புரிஞ்சுக்கங்க."

அதிகாரிக்குப் புரிந்தது. பேனாவை மூடினார். "ஏம்மா, அப்படியா?"

"ஆமா சார்."

"அப்ப நீங்க சொல்றதை நான் எப்படி எடுத்துக்கறது? புருஷனுக்காக எந்தப் பொண்டாட்டியும் இதைத்தானே சொல்வா?"

அவளிடம் நம்பவைக்கக்கூடிய சொல் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. அது அவள் தலையிலேயே விழும்படியான சொல்.

"புருஷனுக்காகச் சொல்றவ, எனக்கு முன்னாடியே தெரியும்னு சொல்லமாட்டா சார். எனக்குத் தெரியும். நகல் எடுத்த நாள்லேருந்தே தெரியும், மாசக்கணக்கா. சராசரி குறையுது, என்னை நிரந்தரமாக்கறாங்கன்னு வாயை மூடிட்டு இருந்தேன்."

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

முடிவுகள் வேகமாக வந்தன. கணவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. கையை நீட்டியதற்கு ஒரு கண்டிப்பும், ஊரின் மறுகோடியில் உள்ள டிப்போவுக்கு மாற்றமும் சேர்ந்து வந்தன. பச்சையக்காவின் நிரந்தரம் 'தற்போதைக்கு' நிறுத்திவைக்கப்பட்டது. ஒப்பந்தம் மட்டும் தொடர்ந்தது, அந்த இயந்திரத்தை மேய்க்க வேறு யாருக்கும் தெரியாது என்பதால். விதிகள் மொத்தமாக எடுக்கப்பட்டன. இனி எதைத் தொட்டாலும் எல்லாம் ஓடும். ஒரு மணி நேரம் திரும்பி வந்தது, டீ அறை நிறைந்தது. அவள் உள்ளே நுழைந்தால் பேச்சு அடங்கியது. அவள் கெடுத்தது போர்டை என்று யாரும் நினைக்கவில்லை. பத்து நிமிடத்தைக் கெடுத்தாள் என்றுதான் கோபம். நகல்களை ஒழிக்க ஒரு குழு அமைத்தார்கள். அனுபவசாலி என்ற முறையில் அதற்குச் சித்தப்பா தலைவர்.

உத்தரவை வாங்கிக்கொண்டு கணவர் வீட்டுக்கு வந்த சாயங்காலம், பச்சையக்கா வாசலிலேயே நின்றாள். அவர் செருப்பைக் கழற்றினார். சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

"அந்த அதிகாரி உன்னைப் பத்திப் பெருமையா பேசினார்" என்றார். "தைரியமான பொம்பளையாம்."

"வேலை கிடைச்சிடுச்சுல்ல?"

"கிடைச்சிடுச்சு. உனக்கு மாசக்கணக்கா தெரியும்னு ஒத்துக்கிட்டியாமே."

நாத்தனார் உள்ளே பாத்திரங்களை அடுக்குகிற சத்தம் நின்றது.

"நகல் இருக்குன்னு தெரியும். சனிக்கிழமை இப்படி ஆகும்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்?"

"நான் சனிக்கிழமை வண்டி ஓட்டறேன்னு தெரியும்ல?"

"என்னங்க, வீட்டுக்காகத்தானே..."

"தெரியுது. நமக்காகத்தான்." அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவளும் உயர்த்தியிருப்பாள், இரண்டு நாளில் சரியாகியிருக்கும். "தையலோட வந்து உட்கார்ந்திருந்தேனே, அன்னைக்காவது சொல்லியிருக்கலாம். என்னை அடிச்ச பெரியவரைத் திட்டித் தீர்த்தேன். நீ பக்கத்துல நின்னு தண்ணி கொடுத்த."

அவர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். வீட்டுத் தரகர் கூப்பிட்டிருந்ததாகவும், இந்த மாதம் முடிக்காவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொன்னதாகவும், கொடுத்துவிடுங்கள் என்று தான் சொல்லிவிட்டதாகவும், பேருந்து எண் சொல்கிற குரலில் சொன்னார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலையே."

"உன் நிரந்தரத்தை வெச்சுத்தானே அந்த வீடு. நிரந்தரம் இல்லை. இதுல கேட்க என்ன இருக்கு?"

மூவரும் சாப்பிட்டார்கள். நாத்தனார் வழக்கத்துக்கு மாறாக எதையும் எண்ணவில்லை, பச்சையக்காவின் தட்டில் கேட்காமலே இன்னொரு கரண்டி வைத்தார். அது ஜுரக்காரர்களுக்கு அவர் காட்டுகிற முகம். அதைப் பார்த்தபோதுதான் நிலைமை எவ்வளவு மோசம் என்று பச்சையக்காவுக்குத் தெரிந்தது.

புது டிப்போ தூரம். முதல் வண்டி எடுக்க விடியுமுன்பே கிளம்ப வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவரை எழுப்பிவிடுவது பச்சையக்காதான். கடிகாரம் அடித்து எழுந்து அவருக்குப் பழக்கமே கிடையாது. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டே அவர் சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"அக்கா, நாளைக்குக் காலையில நீ கொஞ்சம் என்னை எழுப்பி விடறியா?"

நாத்தனார் தம்பியைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"ஏன்டா, அவ எழுப்பமாட்டாளா?"

"அவ தூங்கட்டும்" என்றார்.